பையில் கருப்புப் பொத்தான் இல்லை

என் பெயர், தகப்பனார் பெயர், கதவு எண், தெரு எல்லாம் முதல் தாளில் எழுதிக்கொள்ளப்பட்டன. வயது நாற்பத்து மூன்று. திருமணம் ஆகவில்லை. ஏன் என்று கேட்கப்பட்டது; அதற்கும் இந்த விசாரணைக்கும் சம்பந்தமில்லை என்று சொன்னேன். தொழில் என்ற இடத்தில் எழுத்தர் 'நடிகை' என்று எழுதினார். நான் நடிகை இல்லை என்றேன். 'நாடகம்' என்று எழுதப் போனார். நாடகமும் இல்லை என்றேன். "அப்ப என்னதாம்மா பண்றீங்க?" என்று கேட்டார். சில விதிகளை வகுத்துக்கொண்டு, அந்த விதிப்படி என்ன நேர்கிறதோ அதை ஜனங்கள் முன்னால், ஜனங்களையும் சேர்த்துக்கொண்டு, நாள்கணக்கில் செய்துகாட்டுவது என் தொழில் என்றேன். அவ்வளவு எழுத அந்தக் கட்டத்தில் இடமில்லை என்பதால் 'கலைஞர்' என்று எழுதப்பட்டது. இருக்கட்டும்.

என் மேல் கொடுக்கப்பட்ட புகார் மனு எனக்குப் படித்துக் காட்டப்பட்டது. நான் புகார்தாரரை மர ஸ்டூலால் தாக்கியதாகவும், இரண்டு விளக்குகளை உடைத்ததாகவும், கேட்கக் கூசும் வார்த்தைகளால் திட்டியதாகவும் அதில் இருக்கிறது. ஸ்டூல் பொய். விளக்கு பொய். வார்த்தைகள் உண்மை, அவற்றை இங்கே திருப்பிச் சொல்லவும் தயார் என்றேன், எழுத்தர் வேண்டாம் என்றார். கையால் அறைந்தது உண்மை. ஆனால் இதற்கெல்லாம் முன்னால் எழுத வேண்டியது ஒன்று உண்டு. அந்தப் பையில் கருப்புப் பொத்தான் இல்லை. இதை முதலில் எழுதுங்கள் என்றேன். உதவி ஆய்வாளர் அம்மா, "எல்லாத்தையும் வரிசையா சொல்லுங்க, அது தானா வரும்" என்றார். வரிசையாகச் சொல்கிறேன். ஆனாலும் அந்த வரி மேலேயும் இருக்கட்டும். அந்த ஒரு வரிக்காகத்தான் கூப்பிட்ட உடனே ஓடி வந்தேன். புகார்தாரர் என் மேல் புகார் கொடுத்திருக்காவிட்டால், அவரை அறைந்துவிட்டேன் என்று நானே வந்து என் மேல் புகார் கொடுத்திருப்பேன்.

எங்கள் குழுவில் இருப்பது இரண்டே பேர். ஒன்று நான். இன்னொருவர் மேற்படி புகார்தாரர், விளக்கு அமைப்பவர். அவர் முதன்முதலில் விளக்குப் போட்ட நிகழ்ச்சியில் மண்டபம் முழுக்க இருண்டுவிட்டதால் அவருக்கு ஃபியூஸ் என்று பெயர் வந்தது. அவரைப் பெற்ற தாயே இப்போது அப்படித்தான் கூப்பிடுகிறார். நானும் அப்படியே சொல்கிறேன். பதினேழு வருடப் பழக்கம். என் வாயில் 'அவன்' என்று வரும் இடங்களில் எல்லாம் எழுத்தர் 'அவர்' என்று எழுதிக்கொள்ளலாம்.

டயர் கடைக்கு மேல்மாடியில் மூடிக் கிடந்த மரச்சாமான் கடையை வாடகைக்கு எடுத்தோம். முன்பக்கம் முழுவதும் கண்ணாடி. அதில் 'தள்ளுபடி' என்று ஒட்டியிருந்த எழுத்துகளைப் பாதி சுரண்டி விட்டுவிட்டிருந்தார்கள். கட்டிலும் பீரோவும் நின்ற இடங்களில் மட்டும் தரை பழைய நிறத்திலேயே கட்டம் கட்டமாகத் தெரிந்தது. அப்படி ஒரு பெரிய கட்டத்தின் நடுவில் மேசை, எதிரெதிரே இரண்டு நாற்காலி, ஒரு போர்வை, ஒரு குடை, தண்ணீர்க் கூஜா, டம்ளர், நூல்கண்டு, மணற்கடிகாரம் ஆகியவற்றை வைத்தோம். சுற்றிலும் கயிறு கட்டினோம். கயிற்றுக்கு அப்பால் யார் வேண்டுமானாலும் நின்று பார்க்கலாம்.

அதன் பிறகு விதிகள். அவற்றை நான்தான் வகுத்தேன். எட்டு மாதம் பிடித்தது. விதி போடுவது சுலபம் என்று நினைப்பவர்கள் ஒரு முறை போட்டுப் பார்க்கட்டும். ஆட்டம் முடியும்வரை நான் அந்த அறையை விட்டு வெளியே போகக் கூடாது, பேசக் கூடாது; வெளிச் செய்தி எதுவும் உள்ளே வரக் கூடாது. திரைக்குப் பின்னால் தூங்கிக்கொள்ளலாம். வருகிறவர் செருப்பைக் கழற்றிவிட்டு, ஒருவர் ஒருவராகக் கயிற்றைத் தாண்டி வந்து, மேசைமேல் இருக்கும் துணிப்பைக்குள் பார்க்காமல் கையை விட்டு ஒரு பொத்தானை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் எதிரில் உட்கார வேண்டும். மணல் தீரும்வரை ஒருவரையொருவர் சும்மா பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். நீலம் வந்தால், அங்கே இருக்கும் சாமான்களை வைத்து அவர் சைகையால் காட்டுவதை நான் செய்ய வேண்டும். கயிற்றைத் தாண்டு என்று மட்டும் காட்டக் கூடாது. மஞ்சள் வந்தால் அவர் என் நாற்காலியில், நான் கயிற்றோரமாக, அடுத்தவர் வந்து அவர் எதிரில். கருப்பு வந்தால் ஆட்டம் முடிந்தது. கருப்பு எடுத்தவர் மட்டும் வாய் திறந்து என்னிடம் பேசலாம். என் கையைப் பிடித்துப் படியிறங்கித் தெருவுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட வேண்டும்.

மற்ற பொத்தான்கள் ஆயிரத்துக்குச் சற்றுக் குறைவு. கருப்பு ஒன்றே ஒன்று. எடுத்த பொத்தான் மறுபடி பைக்குள் போகும், பை குலுக்கப்படும். வருகிறவர் கையைத் தவிர வேறு கை பைக்குள் போகக் கூடாது. யாரும் பையைக் கொட்டிப் பார்க்கக் கூடாது, எண்ணக் கூடாது, நானும் கூடாது. ஆட்டம் பத்து நிமிடத்திலும் முடியலாம், ஒரு மாதமும் போகலாம். அதை நானும் முடிவு செய்யக் கூடாது, ஃபியூஸும் முடிவு செய்யக் கூடாது. "எதுக்கும்மா இந்தக் கூத்தெல்லாம்?" என்று உதவி ஆய்வாளர் அம்மா கேட்டார். வேறு எங்கே போனாலும் யாரோ முடிவுகட்டி வைத்ததைத்தான் ஜனங்கள் பார்க்கிறார்கள். இங்கே முடிவு அவர்கள் கையில் இருக்கிறது. ஒவ்வொரு கையும் பைக்குள் போகும்போது அறையில் இருக்கிற அத்தனை பேரும் மூச்சைப் பிடிப்பார்கள். அந்த மூச்சுக்காகத்தான் என்று சொன்னேன். அவர், மேலே சொல்லுங்கள் என்றார்.

பொத்தான்களைத் தந்தது என் அக்கா. அக்கா தையல்கடை வைத்திருக்கிறாள். அவள் கத்தரி வைத்தால் ராசி என்று கல்யாணத் துணியை ஊரெல்லாம் தாண்டி அவளிடம் கொண்டு வருவார்கள். எல்லாப் பொத்தானும் ஒரே அளவு, ஒரே விளிம்பு, ஒரே நான்கு துளை இருக்க வேண்டும், தொட்டுப் பார்த்து எது எது என்று தெரியக் கூடாது என்று சொல்லியிருந்தேன். வெள்ளை, நீலம், மஞ்சள் எல்லாம் சுலபமாகக் கிடைத்தன. அதே அச்சில் கருப்பு கிடைக்கவில்லை. அக்கா கடை கடையாக ஏறி இறங்கி ஒன்றைக் கொண்டுவந்தாள். "கண்ணை மூடிக்கிட்டு நானே தடவிப் பாத்துட்டேன். எனக்கே தெரியல. இனி எவனுக்கும் தெரியாது" என்று என் கையில் வைத்தாள். அதன் பிறகு, "நீ பாட்டுக்கு உள்ள போய் உக்காந்துடுவ. வீட்ல ஏதாவதுன்னா?" என்று கேட்டாள். "வந்து கருப்பை எடு, கூட்டிட்டுப் போ" என்று நான் சிரித்துக்கொண்டே சொன்னேன். அவள் சிரிக்கவில்லை, சரி என்று தலையாட்டினாள்.

அதன் பிறகு ஒரு ஒத்திகை பார்த்தோம். கீழே இருக்கும் டயர் கடைக்காரரையும் அவருடைய ஆட்களையும் கூப்பிட்டோம். முதல் ஆளுக்கு வெள்ளை வந்தது. இரண்டாவதாக வந்த டயர் கடைக்காரர் கையை விட்டார், கருப்பு வந்துவிட்டது. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கித் தெருவில் நிறுத்தி, "இப்ப என்ன பண்ணணும்?" என்று கேட்டார். ஒன்றும் பண்ண வேண்டாம், முடிந்துவிட்டது என்றேன். "அவ்வளவுதானா? இதுக்கா கை கழுவிட்டு வந்தேன்?" என்றார். நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். விதி என்றால் இதுதான் விதி. ஆனால் மாடியில் ஃபியூஸ் முகம் செத்துப்போய் நின்றிருந்தார். நான் அதைக் கவனித்தேன், பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அடுத்து நடந்தது எனக்குப் பிற்பாடுதான் தெரியும். ஆனாலும் வரிசைப்படி இங்கேதான் வருகிறது. ஆட்டம் தொடங்கும் நாள் காலையில் நான் பின்பக்கம் முகம் கழுவப் போயிருந்தபோது ஃபியூஸ் பையை மேசையில் கொட்டி, கருப்பைத் தேடி எடுத்துத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, மற்றவற்றைப் பைக்குள் அள்ளிப் போட்டுவிட்டார். இதை அவரே என்னிடம் ஒப்புக்கொண்டார். அவருடைய புகார் மனுவிலும் 'நிகழ்ச்சிக்குரிய பொத்தான் ஒன்று பாதுகாப்புக் கருதி என் வசம் இருந்தது' என்று ஒரு வரி இருக்கிறது. பாதுகாப்பாம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவருக்குப் பாதுகாப்பு என்ற வார்த்தை எங்கிருந்து வருகிறது என்று தெரியவில்லை.

அதன் பிறகு ஜனங்கள் வந்தார்கள். முதலில் கொஞ்சம் பேர், பிறகு படிக்கட்டு வரை வரிசை. ஒரு நர்ஸ் வெள்ளை எடுத்து உட்கார்ந்து, மணல் பாதி இறங்குவதற்குள் தூங்கிப்போனார். அடுத்து நின்றவர் அவரை எழுப்பாமல் காத்திருந்தார். புதிதாகக் கல்யாணமான ஒருவர் நீலம் எடுத்து, குடையை விரித்துத் தன் மனைவி தலைக்குமேல் கயிற்றோரமாகப் பிடித்துக்கொண்டிருக்கும்படி எனக்குக் காட்டினார். நான் கை கடுக்கப் பிடித்தேன். அத்தனை பேரும் கையை உள்ளே விடும்போது கண்ணை மூடிக்கொண்டார்கள். அத்தனை கையும் கருப்பில்லாத பையைத்தான் துழாவிவிட்டுப் போயிருக்கிறது. அத்தனை மூச்சும் வீண். அவர்களுக்கெல்லாம் யார் பதில் சொல்வது? இதற்கு எந்தப் பிரிவில் வழக்குப் போடுவீர்கள் என்று உதவி ஆய்வாளர் அம்மாவிடம் கேட்டேன்.

அதன் பிறகு ஒரு நாள் மதியம் அக்கா வந்தாள். அளவு நாடா கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு அவள் தெருவுக்கு வந்து நான் பார்த்ததில்லை. வேலை நடுவில் ஓடி வந்து பார்க்கிற அளவுக்கு நம் ஆட்டம் பிரமாதமாக இருக்கிறது போல என்று நினைத்துக்கொண்டேன்.

உண்மையில் அன்று காலை அப்பா குளியலறையில் விழுந்திருக்கிறார். அப்பா ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். முப்பத்தைந்து வருடம் நிறுத்தம் பெயரைக் கூவிக் கூவிச் சம்பாதித்த குரல் அவருடையது. வீட்டில்கூட மெதுவாகப் பேசத் தெரியாது. வாய்க்குப் பூட்டே கிடையாது. விழுந்ததில் ஒரு பக்கம் கை வரவில்லை, வாய் கோணியிருந்தது, ஆனால் பேச்சு இருந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு, "சின்னவ எங்க? அவகிட்ட ஒண்ணு சொல்லணும், கூட்டிட்டு வா" என்று அக்காவிடம் சொல்லியிருக்கிறார். என்ன என்று அவள் கேட்டதற்கு, "அவகிட்டதான் சொல்லணும்" என்றிருக்கிறார். அக்கா அங்கிருந்து நேராக மாடிக்கு வந்து, வாசலில் நின்ற ஃபியூஸிடம், வீட்டில் ஒரு அவசரம், தங்கச்சியிடம் ஒரு வார்த்தை பேச வேண்டும் என்று சொல்லியிருக்கிறாள். ஃபியூஸ் அவளிடம், "கருப்பு எடுத்தா நீங்களே கூட்டிட்டுப் போயிடலாம்க்கா. விதி அதானே. அவ போட்ட விதி" என்று சொல்லியிருக்கிறார். கருப்பு அப்போது அவர் சட்டைப்பையில் இருந்தது. இந்த இடத்தை எழுத்தர் அடிக்கோடிட வேண்டும் என்று கேட்டேன். வாக்குமூலத்தில் அடிக்கோடு போடுவதில்லை என்று சொல்லப்பட்டது.

என் அக்கா கத்தியிருக்கலாம். கயிற்றைத் தாண்டி ஓடி வந்து என் தலைமுடியைப் பிடித்து இழுத்துக்கொண்டு போயிருக்கலாம். அப்படிச் செய்திருந்தால் அவள் காலில் விழுந்திருப்பேன். ஆனால் அவள் வரிசையில் நின்றாள். கருப்பை எடு, கூட்டிட்டுப் போ என்று நான் சொன்ன வார்த்தையை அவள் வார்த்தையாகவே வைத்திருந்தாள். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, முறை வந்ததும் உள்ளே வந்து, கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு பைக்குள் விட்டாள். வெள்ளை வந்தது. எதிரில் உட்கார்ந்தாள். மணல் இறங்கும்வரை என்னையே பார்த்தாள். கண் நிறைந்து வழிந்தது. அந்த நாற்காலியில் உட்கார்ந்து அழுதவர்கள் ஏராளம், எனக்குப் பழகிப்போயிருந்தது. நானும் அவளைப் பார்த்து விதிப்படி சும்மா இருந்தேன்.

அதன் பிறகு அவள் வெளியே போய் மறுபடி வரிசையின் கடைசியில் நின்றாள். இந்த முறை மஞ்சள். என் நாற்காலியில் அவள் உட்கார, நான் கயிற்றோரமாக, ஃபியூஸுக்குப் பக்கத்தில் போய் நின்றேன். அவர் சட்டை என் தோளில் உரசியது. அதன் பிறகு மறுபடி வரிசை, மறுபடி வெள்ளை. அதன் பிறகு நீலம் வந்தது. நீலத்தைப் பார்த்ததும் அக்கா மேசையில் இருந்த சாமான்களை எல்லாம் கீழே இறக்கினாள். என்னை மேசைமேல் படு என்று காட்டினாள். படுத்தேன். போர்வையை விரித்து என் கழுத்துவரை இழுத்துவிட்டாள். தன் ஒரு கையைப் பிடித்துத் தொங்கவிட்டுக் காட்டினாள். நானும் என் கையை அப்படியே தொங்கவிட்டேன். தன் வாயை ஒரு விரலால் ஒரு பக்கம் இழுத்துக் காட்டினாள்; நானும் இழுத்துக்கொண்டேன். அதன் பிறகு நாற்காலியைப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்து, என் தொங்கிய கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தாள், புரிகிறதா என்று கேட்கிற மாதிரி. கயிற்றுக்கு அப்பால் நின்றவர்களில் சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். என் அக்காவுக்குக் கலை வந்துவிட்டது என்று நான் பெருமைப்பட்டேன். படுத்தபடியே அவளைப் பார்த்துச் சிரித்தேன். இதையும் எழுதுங்கள்.

அதன் பிறகும் அவள் எத்தனை முறை வரிசையில் நின்றாள் என்று எனக்குத் தெரியாது. எல்லாம் வெள்ளை. ஷட்டர் இறங்கும் நேரத்துக்கு அவள் கடைசியாகப் படிக்கட்டுப் பக்கம் போனபோது தன் வலது உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே போனாள். அதன் அர்த்தமும் எனக்கு அப்போது தெரியவில்லை.

இங்கே உதவி ஆய்வாளர் அம்மா, "வெளிச் செய்தி வரக் கூடாதுன்னு விதி போட்டது நீங்கதானே?" என்று கேட்டார். ஆமாம், நான்தான். பையில் கருப்பு இருந்து, அது அக்கா கைக்கு வராமல் போயிருந்தால், அது என் விதி, என் பாடு. நான் யார் மேலும் கை ஓங்கியிருக்க மாட்டேன். ஆயுள் முழுக்க என்னை நானே நொந்துகொண்டு கிடந்திருப்பேன். அப்படி நொந்துகொள்ளக்கூட எனக்கு வழியில்லாமல் செய்துவிட்டார் மேற்படி ஃபியூஸ்.

அக்கா வந்துபோன மூன்றாம் நாள் காலை, கதவு திறப்பதற்கு முன்னால், ஃபியூஸ் ஸ்டூலில் உட்கார்ந்து குனிந்து ஒரு வயரைச் செருகிக்கொண்டிருந்தபோது, அவர் சட்டைப்பையிலிருந்து கருப்புப் பொத்தான் விழுந்து உருண்டு என் காலடியில் வந்து நின்றது. நான் அதை எடுத்தேன். பையிலிருந்து எப்படியோ தவறி விழுந்திருக்கிறது, இவர் கண்டெடுத்து வைத்திருக்கிறார் என்றுதான் சத்தியமாக முதலில் நினைத்தேன். பேசக் கூடாது என்பதால் பொத்தானைக் காட்டிப் புருவத்தை உயர்த்தினேன். அவர், "இன்னிக்குப் போட்டுடலாம்னுதான் இருந்தேன்" என்றார். நான் பையை எடுத்து மேசையில் கவிழ்த்தேன். வெள்ளை, நீலம், மஞ்சள். பையை உட்புறம் வெளியே வரும்படி திருப்பி உதறினேன். கருப்பு இல்லை. அன்றுதான் முதன்முதலாக வாய் திறந்தேன்.

எப்போதிலிருந்து என்று கேட்டேன். "முதல் நாள்லேருந்து" என்றார். அதன் பிறகு அவர் சொன்னதை உள்ளது உள்ளபடி சொல்கிறேன். "நீ எட்டு மாசம் உழைச்சே, நானும்தான் உழைச்சேன். டயர் கடைக்காரர் மாதிரி எவனோ ஒருத்தன் வந்து ரெண்டாவது ஆளா முடிச்சு வச்சுட்டுப் போறதுக்கா? சனிக்கிழமை பத்திரிகைக்காரங்க வர வரைக்குமாவது நடக்கட்டும்னு எடுத்தேன். அப்புறம் கூட்டம் வந்துக்கிட்டே இருந்துச்சு. நல்லாத்தானே போகுது, விடேன்." நான் திட்டினேன். அதுவரை திட்டு மட்டும்தான். வேலியே பயிரை மேய்ந்தால் என்ன செய்வது என்று உட்கார்ந்து அழுதிருப்பேனே தவிர, அடித்திருக்க மாட்டேன். அதன் பிறகு அவர், தன் பக்கம் நியாயம் இருக்கிறது என்று காட்டுவதற்காக, "உங்க அக்காகூட அன்னிக்கு வீட்ல அவசரம்னு வந்தாங்க. ஆட்டத்தை உடைக்கல நானு. விதியைச் சொல்லித்தான் வரிசையில நிக்க வச்சேன்" என்றார்.

அப்போதுதான் அறைந்தேன். இடது கன்னத்தில் ஒன்று, வலது கன்னத்தில் ஒன்று. ஸ்டூலில் அவர் உட்கார்ந்திருந்தார். அவர் உட்கார்ந்திருக்கிற ஸ்டூலை எடுத்து அவரையே நான் எப்படி அடித்தேன் என்பதை அவர் வந்து விளக்கட்டும். மூன்றாவது முறை கை ஓங்கினேன், அவர் எழுந்து பின்னால் போய், தான் செருகிய வயரிலேயே கால் தடுக்கி, விளக்குக் கம்பத்தைப் பிடித்தார், கம்பம் சாய்ந்தது, விளக்குகள் போயின. நான் திட்டிய சத்தம் கேட்டு மேலே வந்த டயர் கடைக்காரர் கம்பம் சாய்ந்ததைப் பார்த்தார், அவரை விசாரிக்கலாம். செருப்பால் அடித்ததாக நாளைக்கு யாராவது சொன்னால் அதுவும் பொய். விதிப்படி அந்த அறையில் யார் காலிலும் செருப்பு கிடையாது.

அதன் பிறகு கருப்புப் பொத்தானைக் கையில் வைத்துக்கொண்டு வெறுங்காலோடு படியிறங்கி ஓடினேன். அக்காவின் கடை பூட்டியிருந்தது. பக்கத்துக் கடையில் விசாரித்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். வார்டுக்கு வெளியே அக்கா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்தாள். அப்பாவைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "வந்துட்டியா? கருப்பு யாருக்கு வந்துச்சு?" என்று கேட்டாள்.

நான் சொல்ல வாயெடுப்பதற்குள் அவளே, "என் கைக்கு வரல பாரு. அத்தனை தடவை துழாவியும் வரல. ராசி கெட்ட கை" என்றாள்.

அப்பாவுக்கு, அக்கா வரிசையில் நின்றுவிட்டுத் திரும்பிப் போன அன்று இரவே பக்கவாதம் இரண்டாவது முறையும் வந்து பேச்சு போய்விட்டது. இனித் திரும்பாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். உயிருக்கு ஆபத்து இல்லை. நான் போய் நின்றதும் என்னைப் பார்த்தார், வாயைத் திறந்தார். காற்று மட்டும் வந்தது. மறுபடி திறந்தார். தினமும் நான் போய் உட்காரும்போதெல்லாம் ஒரு முறை திறக்கிறார். என்னிடம் சொல்ல வேண்டியது என்ன என்று அவருக்குத் தெரியும். வேறு யாருக்கும் தெரியாது. எழுதிக் காட்டச் சொல்லலாமே என்று எழுத்தர் கேட்டார். எழுதும் கைதான் போயிருக்கிறது.

அக்கா அன்றிலிருந்து கத்தரியைத் தொடவில்லை. கல்யாணத் துணிகளை எல்லாம் கொடுத்தவர்களிடமே திருப்பி அனுப்பிவிட்டாள். பையில் கருப்பே இல்லை, நீ என்றில்லை, யார் கையை விட்டிருந்தாலும் வந்திருக்காது என்று நான் நூறு தடவை சொல்லிவிட்டேன். பொத்தானைக் கொண்டுபோய்க் காட்டினேன். "உன் கையில இருக்குன்னா யாருக்கோ வந்துடுச்சுன்னுதானே அர்த்தம்? என்னைத் தேத்துறதுக்காகச் சொல்ற. நீ சின்ன வயசுலேருந்தே இப்படித்தான்" என்கிறாள். ஃபியூஸைக் கூட்டிக்கொண்டு போய்ச் சொல்ல வைக்கலாம் என்று பார்த்தால், அவர் கன்னத்தில் மருந்து போட்டுக்கொண்டு இங்கே வந்துவிட்டார். இன்று எனக்கு ஜாமீன் நிற்க அக்காதான் வந்திருக்கிறாள். வெளிப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். வரும்போது வாசல் காவலர் அவளிடம் தொழில் என்ன என்று கேட்டதற்கு, "ஒண்ணுமில்ல, வீட்லதான்" என்று சொன்னது என் காதில் விழுந்தது.

ஆகையால் ஃபியூஸை அறைந்த குற்றத்தை நான் ஒப்புக்கொள்கிறேன். அதற்கு என்ன தண்டனையோ கொடுங்கள், வாங்கிக்கொள்கிறேன். மன்னிப்புக் கேட்டு எழுதிக் கொடுத்தால் சமாதானமாகப் போகலாம் என்று சொல்லப்பட்டது, முடியாது என்றேன். எனக்கு வேண்டியது இந்த வாக்குமூலத்தின் நகல் ஒன்று, அக்காவிடம் காட்டுவதற்கு. நான் சொன்னால் நம்ப மாட்டாள், அரசாங்கக் காகிதம் சொன்னால் நம்புவாள் என்று கேட்டேன். நகலை நீதிமன்றத்தில் மனுப் போட்டுத்தான் வாங்க முடியும் என்று சொல்லப்பட்டது.

அப்படியானால் இதை எனக்குப் படித்துக் காட்டும்போது, மின்விசிறியை நிறுத்திவிட்டு, கதவை முழுக்கத் திறந்து வைத்து, வெளிப் பெஞ்சுவரை கேட்கும்படி படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். எழுத்தர் உதவி ஆய்வாளர் அம்மாவைப் பார்த்தார். அவர் எழுந்து போய்த் தாமே மின்விசிறியை நிறுத்தினார். முதல் வரியிலிருந்து இங்குவரை உரக்கப் படித்துக் காட்டப்பட்டது. பையில் கருப்புப் பொத்தான் இல்லை என்ற வரியை இன்னொரு முறை படிக்கச் சொன்னேன், படித்தார். நான் சொன்னது சொன்னபடியே இதில் இருக்கிறது. கூட்டியதும் இல்லை, குறைத்ததும் இல்லை, யாரும் என்னை மிரட்டிச் சொல்ல வைக்கவும் இல்லை.

(கையொப்பம்)

படித்துக் காட்டியதற்குச் சாட்சியாக, வெளியே இருந்த மேற்படியாரின் அக்கா உள்ளே அழைக்கப்பட்டார். எழுத்தர், வாசலில் அவர் சொன்னபடி, 'தொழில்: இல்லை' என்று எழுதியிருந்தார். சாட்சி பேனாவை வாங்கிக்கொண்டு, தன் வலது கையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, அதை மாற்றி எழுதச் சொன்னார். அவ்வாறே மாற்றி எழுதப்பட்டது.

தொழில்: தையல்.

(சாட்சி கையொப்பம்)